இறக்கை தைத்தவள்

பல்லக்கா குட்டி விமானங்கள் செய்ய ஆரம்பித்ததே கோபத்தில்தான். ஐம்பத்தொரு வயதில் மூக்குக் கண்ணாடி மாற்றப் போனவள், பக்கத்துக் கடையின் முகப்பில் ஒரு விமான மாதிரியைப் பார்த்தாள். நூறு வருடத்துக்கு முந்தைய போரில் பறந்த, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு இறக்கை வைத்த விமானம். முழ நீளம் இருக்கும். இறக்கை முழுக்கச் சாக்குப் பை மாதிரி இழை இழையாகக் கோடு போட்டிருந்தார்கள். சட்டத்துக்குச் சட்டம் துணி குழி விழுந்து தொங்கியது. அவள் விறுவிறுவென்று கடைக்குள் போனாள்.

“இதை யாருங்க செஞ்சது?”

“விலைக்கு வேணுமாம்மா?”

“வேண்டாம். இதுல ஏறினவன் மரத்து உயரம் தாண்டுறதுக்குள்ள செத்துடுவான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

சொல்லிவிட்டு வெளியே வந்தவள், பத்தடி நடந்து, திரும்பிப் போய், அதே விமானத்தைச் செய்யும் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டாள். வீட்டில் அவள் கணவர், ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பேரப் பிள்ளை யாருக்காவது பிறந்த நாளா?” என்று கேட்டார். கோபம் வந்தால் வீட்டில் அவள் பேச மாட்டாள். அன்று சாப்பாட்டு மேசையின் பாதி அவர் கையை விட்டுப் போனது.

செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்ததால் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். மெழுகைச் சுரண்டுவதும், ஈறு நிறம் கலப்பதும், ஒரு மயிரிழை உயரமான கடைவாய்ப் பல்லைத் தேய்த்துச் சரி பண்ணுவதும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த வேலைக்கும் முன்னால் அவளுக்கு வேறொரு வேலை இருந்தது. தெருவில் யாருக்கும் அது தெரியாது.

பத்தொன்பது வயதில் அவள் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியின் கொட்டகையில் சேர்ந்தாள். அங்கே இருந்தவை துணி இறக்கை விமானங்கள். மரத்தால் ஆன விலாச் சட்டங்களின் மேல் லினன் துணியைப் போர்த்தி, முழ நீள ஊசியால் சட்டத்தோடு சேர்த்துத் தைத்து, மெழுகு நூலில் முடிச்சுப் போட வேண்டும். தையலை மறைத்துப் பட்டை ஒட்ட வேண்டும். பிறகு டோப் என்கிற பசை. நெயில் பாலிஷ் வாடை அடிக்கும். பூசிக் காயக் காயத் துணி சுருங்கி இழுத்துக்கொள்ளும். நாலைந்து பூச்சுக்குப் பிறகு விரலால் தட்டினால் டம் என்று மேளம் மாதிரி கேட்கும். கேட்காவிட்டால் அத்தனையையும் கிழித்தெறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த வேலைக்கு நாலு பெண்கள். இறக்கையைச் செங்குத்தாக நிறுத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி உட்காருவார்கள். ஊசி போகும், வரும். முகம் தெரியாது, பேச்சு மட்டும் துணியைத் தாண்டி வரும். பல்லக்காவுக்கு எதிர்ப்பக்கம் எப்போதும் நெட்டை என்று பெயர் வாங்கிய ஒருத்திதான். நெட்டை ஊசியைக் குத்துகிற வேகத்தில் இவள் விரலில் எத்தனையோ முறை ரத்தம் வந்திருக்கிறது. திட்டினால் துணிக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்புத்தான் வரும்.

ஆறாவது வருடம் பள்ளி உலோக விமானங்கள் வாங்கியது. மெக்கானிக்குகள் அத்தனை பேரையும் புது விமானத்துக்குப் பயிற்சி எடுக்க அனுப்பினார்கள். நாலு பெண்களைத் தலைமை மெக்கானிக் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“எங்களையும் அனுப்புங்க சார், கத்துக்கிறோம்” என்று கேட்டது பல்லக்காதான்.

“நீங்க தையல்காரங்க தானேம்மா? வெளியில எவ்வளவோ தையல் வேலை இருக்கு” என்றார் அவர்.

நல்லவிதமாகத்தான் சொன்னார். குரலில் ஏளனம் ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. அந்த நாலு பேர் தையலை நம்பித்தான் வாரம் இரண்டு முறை அவரே மேலே போய் வந்தார். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். பேருந்தில் பாதி வழி வந்த பிறகுதான் சொல்லத் தோன்றியது. சொல்லாத அந்தப் பேச்சு முப்பது வருடத்துக்கு மேலாக அவள் தொண்டையில் முள்ளாக நின்றது.

ஊரில் விமான மாதிரி செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, மருந்துக்கடை மாடியில் கூடுவார்கள். பல்லக்காவும் அதில் சேர்ந்தாள். மருந்துக்கடைக்காரரும் உறுப்பினர்தான். தலைவர், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். கெட்டவர் இல்லை. யாருக்கும் கருவிகளை இரவல் கொடுப்பார், கேட்ட புத்தகத்தை மறுநாளே வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார். ஆனால் அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அவர் செய்த விமானங்களின் இறக்கைகள் நாலு பேர் படுத்து எழுந்த பழைய கட்டில் மாதிரி தொய்ந்து கிடக்கும். அதையே சங்கத்தில் எல்லோரும் அழகு என்று பழகியிருந்தார்கள்.

பல்லக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயதானபோது, அந்த வருடக் கண்காட்சிக்காக இரண்டு பேர் அமரும் வேவு விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டாள். நிஜத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. பெட்டியோடு வந்த இறக்கைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, மெல்லிய மரத்தில் தானே செதுக்கினாள். ஒவ்வொரு சட்டத்தின் மீதும் ஊசி முனையால் பசைப் புள்ளிகளை வரிசையாக வைத்தாள். அவைதான் தையல் முடிச்சுகள். அவற்றின் மேல் சிகரெட் தாளில் வெட்டிய பட்டைகளை ஒட்டினாள். வண்ணம் ஏறியதும் முடிச்சுகள் கண்ணுக்குத் தெரியாது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் நிழலாகத் தெரியும். துணி விறைப்பாக, வழவழப்பாக இருந்தது. நாலு மாத உழைப்பு.

கூட்டத்தில் தலைவர் அதை உயர்த்திப் பிடித்துப் பார்த்தார்.

“உழைப்பு தெரியுது மேடம். ஆனா துணி மாதிரியே இல்லையே. தகடு மாதிரி இருக்கு. இழை தெரியணும், கொஞ்சம் தொய்வு வேணும்.”

“இந்த அளவுல இழை தெரிஞ்சா, நிஜ விமானத்துல ஒவ்வொரு நூலும் விரல் தண்டி இருக்கும் சார். அது துணி இல்ல, கயிறு. துணி தொங்கினா விமானம் எழும்பவே எழும்பாது.”

“புத்தகத்துல வேற மாதிரி போட்டிருக்கே.”

“நான் ஆறு வருஷம் அந்த வேலை பார்த்திருக்கேன். என் கையால தைச்சிருக்கேன்.”

தலைவர் விமானத்தைப் பத்திரமாக மேசையில் வைத்தார். “தையல் வேலை தானே மேடம் பார்த்தீங்க? இது ஏரோடைனமிக்ஸ்.”

அறையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். பல்லக்காவுக்குக் காது மடல் சுட்டது. அதே வார்த்தை, அதே நல்ல குரல். இந்த முறையும் வாயடைத்துப் போய் வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த மூன்று வாரம் அந்த வீட்டுச் சமையலறையில் டோப் வாடை. மரப் பட்டிகளை வாங்கி, நாலடி நீளத்துக்கு நிஜ அளவில் ஒரு துண்டு இறக்கையைக் கட்டினாள். ஆறு சட்டம், ஐந்து கட்டம். எதிர்ப்பக்கம் உட்கார ஆள் இல்லாததால், ஒவ்வொரு குத்துக்கும் எழுந்து சுற்றிப் போய் ஊசியை வாங்கினாள். கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “நான் வேணா அந்தப் பக்கம் உட்காரட்டுமா?” என்று கேட்டார்.

“உங்களுக்கு இது தெரியாது.”

“தெரியாதுதான். நீ சுத்திச் சுத்தி வர்றதைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது, அதான் கேட்டேன்.”

கடைசியில் உட்கார்ந்தார். அவர் விரலில் இரண்டு முறை ஊசி ஏறியது. அவள் சிரிக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அந்தத் துண்டை ஒரு போர்வையில் சுற்றி எடுத்துப் போனாள். மேசை மேல் வைத்து, சுண்டு விரலால் தட்டினாள். டம் என்று கேட்டது. மருந்துக்கடைக்காரர் ஓடி வந்து தட்டினார். பிறகு ஒவ்வொருவராக வந்து தட்டினார்கள். நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் வரிசையில் நின்று தட்டியதில் அந்த அறை கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. கடைசியாகத் தலைவர் வந்தார். தட்டினார். முகம் சுருங்கியது.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நீங்க புதுசா செஞ்சது. அந்த விமானம் அந்த நாள்ல இப்படித்தான் இருந்ததுன்னு என்ன ஆதாரம்?”

“படம் இருக்கு. பெருசாப் போட்டு எடுத்துட்டு வர்றேன். அப்பவாவது வாயை மூடுங்க.”

அவர் அவளைவிட எட்டு வயது மூத்தவர். அப்படி யாரும் அவரிடம் பேசியதில்லை. பல்லக்கா துண்டைப் போர்வையில் சுற்றிக்கொண்டு படி இறங்கினாள். மனசுக்கு இதமாகத்தான் இருந்தது.

அந்த வேவு விமானத்துக்கு ஒரே ஒரு புகைப்படம்தான் உண்டு. அதன் சின்னப் பிரதியைப் பார்த்துத்தான் அவள் மாதிரியைச் செய்திருந்தாள். வயல் போன்ற ஒரு வெளியில் விமானம் நிற்கிறது. பக்கத்தில் மூன்று சிப்பாய்கள். நூலகத்தில் கேட்டு, அதை மேசை அகலத்துக்குப் பெரிதாக்கி வாங்கி வந்தாள். மாலைத் தேநீரோடு கணவர் வந்து எட்டிப் பார்த்தார்.

“இறக்கையைப் பாருங்க, எவ்வளவு விறைப்பு” என்றாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். “பாவம், வண்டி நல்லா மாட்டிக்கிச்சு.”

“எது?”

“சக்கரம் பாதி சேத்துல இருக்கே. இந்த ஆளுங்களுக்கு முழங்கால் வரைக்கும் சேறு. ரெண்டு நாள் விடாம மழை பெஞ்சாத்தான் மண்ணு இப்படி ஆகும்.”

“இறக்கையைப் பாருங்கன்னா சக்கரத்தைப் பார்க்கிறீங்க.”

“முப்பத்திரண்டு வருஷம் சக்கரத்தைத் தானே பார்த்தேன்? என்னைக் கேட்டா வேற என்ன சொல்வேன்?”

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் பூதக்கண்ணாடியை எடுத்தாள். சேறு, சக்கரம், சிப்பாயின் நனைந்த தொப்பி. பிறகு மேல் இறக்கை. பின் விளிம்பை ஒட்டி, சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே, மிக மெல்லிய நிழல்கள். வரிசையாக. கறை என்று நினைத்து இத்தனை மாதமும் ஒதுக்கிவிட்ட நிழல்கள்.

துணி தளர்ந்திருந்தது.

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். அவள் பார்த்த விமானங்கள் எல்லாம் கொட்டகைக்குள்ளேயே நின்றவை. இல்லை, எல்லாம் இல்லை. ஒன்று மட்டும் எங்கோ தூரத்து வயலில் இறங்கி, நாலு நாள் மழையில் நின்று, லாரியில் வந்தது. அதை அவள் தொட்டிருக்கிறாள். அன்றைக்கே நெட்டையைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஏழெட்டு வருடமாகப் பேசாதவர்கள்.

“ஏய், நம்ம கொட்டகைக்கு லாரியில ஒரு விமானம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா?”

“நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேட்க மாட்டியாடி நீ?”

“நல்லா இருக்கியா? அந்த இறக்கை எப்படி இருந்துச்சு?”

நெட்டை சிரித்தாள். “நனைஞ்ச சட்டை மாதிரி தொளதொளன்னு இருந்துச்சு. நாம தைச்சது கெட்டுப் போச்சுன்னு நீ ஒரு மூலையில போய் நின்னுட்ட. ரெண்டு நாள் வெயில் பட்டதும் தானா இழுத்துக்கிச்சு. ஏன், இப்ப அதுக்கு என்ன?”

“ஒண்ணும் இல்ல” என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. தான் ஏதோ செய்துவிட்டோம் என்று நினைத்துக் கணவர் வீட்டில் இருந்த எல்லாக் குழாய்களின் கசிவையும் சரி செய்தார். மூன்றாம் நாள் மழை வந்தது. துண்டு இறக்கையை பால்கனியில் மழைச் சாரலில் வைத்தாள். டோப் பூச்சு புதிது, அதனால் ஒரு நாள் தாங்கியது. மறுநாள் தட்டினாள். சொத் என்று கேட்டது.

அவள் கோபம் யார் மேல் என்று சொல்வது கஷ்டம். தலைவர் ஒன்றுமே தெரியாமல் உளறியிருந்தார். அந்த உளறல் குருட்டாம்போக்கில் இந்த ஒரு விமானத்துக்கு மட்டும் பொருந்திவிட்டது. ஆறு வருடம் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டவள், தெரிந்ததையே மறந்துவிட்டு மார் தட்டியிருக்கிறாள். ஒரு முட்டாள் பக்கம் போய் நிற்க வேண்டிய நிலையில் படம் அவளை வைத்துவிட்டது. பேசாமல் விட்டுவிடலாம். அந்த நிழலைக் கண்டுபிடிக்க அந்தச் சங்கத்தில் ஆள் கிடையாது. படத்தைக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

“விட்டுடுங்களேன்” என்றுதான் மருந்துக்கடைக்காரரும் சொன்னார். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். “நீங்க ஜெயிச்சாச்சுக்கா. இப்ப போய் மாத்தினா, அவர் சொன்னதைக் கேட்டு மாத்தின மாதிரி ஆகும்.”

“ஆகட்டும்.”

“அப்புறம் வருஷம் பூரா அதையே சொல்லுவார்.”

“சொல்லட்டும். அதுக்காக நான் பொய் செஞ்சு வைக்கணுமா?”

பல் கூடத்திலிருந்து கொண்டுவந்த சின்ன மெழுகுக் கரண்டியை எடுத்து, மேல் இறக்கையின் வண்ணத்தைச் சுரண்டினாள். முப்பத்தாறு கட்டம். ஒவ்வொன்றிலும் நடுவே மயிரிழை ஆழம். விளிம்புக்கு வரவரக் கொஞ்சம் கூடுதல். தலைவர் போடும் குழியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கீழ் இறக்கை மேல் இறக்கையின் கீழே ஒதுங்கி நின்றதால் அதை அதிகம் தொடவில்லை. சுரண்டும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கட்டத்தில் கை அழுந்திப் போய், நிரப்பி மறுபடி தேய்க்க வேண்டி வந்தது. புதுப் பட்டை, புது வண்ணம். கண்காட்சிக்கு முதல் நாள்தான் காய்ந்தது.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. தலைவர் அவள் மேசைக்கு வந்து, குனிந்து பார்த்து, நிமிர்ந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. நாலைந்து உறுப்பினர்களைக் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

“பார்த்தீங்களா? நான் சொன்னேன்ல? தொய்வு வந்ததும் எப்படி உயிர் வந்துடுச்சு. சொன்னா கேட்டுக்கிறாங்க மேடம், அதுதான் பெரிய குணம்.”

பல்லக்கா பெரிதாக்கிய படத்தை மேசை மேல் விரித்தாள்.

“நீங்க சொன்னதுக்காக நான் எதையும் மாத்தல சார். இது மழையில நின்ன விமானம். சேறு தெரியுதா? ஈரத்துல துணி தளரும். வெயில்ல இழுத்துக்கும். அதுவும் இவ்வளவுதான் தளரும், உங்க இறக்கை மாதிரி பழைய கட்டிலாத் தொங்காது. நான் படத்தைச் சரியாப் பார்க்கல. அது என் தப்பு, ஒத்துக்கிறேன். நீங்க படத்தையே பார்க்கல.”

“சரி சரி, எப்படியோ…”

“எப்படியோ இல்ல. இன்னொண்ணும் கேட்டுக்குங்க. தையல் வேலை தானேன்னு சொன்னீங்க. அந்தத் தையலை நம்பித்தான் மேல போனவன் உயிரோட கீழ வந்தான். நாங்க ஒரு முடிச்சு விட்டிருந்தா உங்க ஏரோடைனமிக்ஸ் அவனைத் தாங்கிப் பிடிச்சிருக்காது.”

கேட்க வேண்டியவர் இவர் மட்டும் இல்லை என்று அவளுக்கே தெரியும். அந்தத் தலைமை மெக்கானிக் செத்துப் பத்து வருடம் ஆகிறது. தலைவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

வெளியூரிலிருந்து வந்த நடுவர்கள் அவளுக்கு மூன்றாம் பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசு ஒரு போர்க்கப்பலுக்கு. இரண்டாவது, தலைவரின் விமானத்துக்கு. அந்த அறிவிப்பைக் கேட்டு மருந்துக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். பல்லக்கா சான்றிதழை வாங்கி நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

பிற்பகலில் நெட்டை வந்தாள். கூப்பிட்டது கணவர், பல்லக்காவுக்கு அது தெரியாது. முதுகு வளைந்து, இப்போது பல்லக்காவின் உயரம்தான் இருந்தாள். வந்தவள் குசலம் விசாரிக்காமல் விமானத்தின் மேல் கவிழ்ந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், போட்டாள். விளக்கைச் சாய்க்கச் சொன்னாள்.

“முடிச்செல்லாம் ஒரே இடைவெளியில போட்டிருக்கியேடி. முன் விசிறிக்குப் பின்னாடி காத்து அடிக்கிற இடத்துல நாம நெருக்கமா போடுவோமே.”

“அது நம்ம விமானத்துல. இது வேற.”

“வேறன்னு யார் சொன்னா?”

“படத்துல தெரியல.”

“பட்டைக்கு அடியில இருக்கிறது படத்துல எப்படிடி தெரியும்? தெரியலன்னா இல்லைன்னு ஆயிடுமா?”

பல்லக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. “நாலு மாசம் உட்கார்ந்து செஞ்சவ நான். நீ இப்ப வந்து நின்னுட்டுப் பேசுற.”

“நின்னா என்ன, உட்கார்ந்தா என்ன? தப்பு தப்புதான்.”

சண்டை பேருந்திலும் ஓயவில்லை. இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, மடியில் விமானப் பெட்டியோடு, எத்தனை சட்டம் வரை நெருக்கத் தையல் போகும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு போனார்கள். மூன்று என்றாள் ஒருத்தி. ஐந்துக்குக் குறையாது என்றாள் மற்றவள். பின் இருக்கையில் கணவர், அவளுடைய நிறுத்தம் வந்துவிட்டது என்று நெட்டையிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே குரலில் அவரைச் சும்மா இருக்கச் சொன்னார்கள்.